தாலிக்கொடியில் படாமல் பூசச் சொன்ன கிரீம்

கேள்வி:

சட்டத்தரணி அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 53. விசுவமட்டில் இருக்கிறேன். வயலும் தோட்டமும்தான் சீவியம். வெயிலில் நின்று நின்று முகம் கறுத்து, கன்னத்தில் மங்கு விழுந்து, கண்ணோரம் எல்லாம் சுருங்கிவிட்டது. வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். எங்களுக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி கிளிநொச்சியில் சின்னதாக அழகு நிலையம் நடத்துகிறா. பேஸ்புக்கிலும் கிரீம் விற்கிறா. "ஏழு நாளில் சுருக்கம் போகும், பத்து வயது குறையும்" என்று விளம்பரம். பெப்ரவரி 10ஆம் திகதி 8,500 ரூபாய் கையில் கொடுத்து நைட் கிரீமும் சீரமும் வாங்கினேன். பில் தரவில்லை. "தாலிக்கொடியில படாமல் பார்த்துப் பூசுங்கோ" என்று மட்டும் சொன்னா.

முதல் பத்து நாள் முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. சந்தோசத்தில் மார்ச் 14ஆம் திகதி 6,500 ரூபாயை வங்கியில் போட்டு இன்னொரு போத்தல் எடுத்தேன். கல்யாண வேலையில் நாலு நாள் பூசாமல் விட்டேன். முகம் சிவந்து, நெருப்பாக எரிந்து, தோல் உரிந்துவிட்டது. டொக்டர் பார்த்துவிட்டு, ஸ்டீரொய்ட் கலந்த கிரீம் பாவித்த முகம் மாதிரி இருக்கு என்றார். காசைத் திருப்பிக் கேட்டால், "விற்ற சாமான் திருப்பி எடுக்கிறதில்லை, நான் ஏஜென்ட் மட்டும்தான், உங்கட தோலுக்கு அலர்ஜி, முதல் கையில பூசிப் பார்த்திருக்க வேணும்" என்கிறா. என் முகப் படத்தை எங்கள் மாதர் சங்க வட்ஸ்அப் குழுவில் போட்டு மற்றவர்களுக்குச் சொன்னேன். இப்போது மானநஷ்ட வழக்குப் போட்டுப் பொலிஸில் பிடித்துக் கொடுப்பேன் என்று வெருட்டுகிறா. இன்றைக்கு ஏப்ரல் 20. இவரோ, "இந்த வயதில் உனக்கு ஏன் இந்த வேலை" என்று ஏசுகிறார். வெட்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அக்கா, உங்கள் கடைசி வரியில் இருந்து தொடங்குகிறேன். இப்படியான முறைப்பாடுகள் பல எழுதப்படாமலே போவதற்குக் காரணம் அந்த வெட்கம்தான். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து பற்றைக் காடு வெட்டிக் காணி திருத்திய தலைமுறை உங்களுடையது. அந்த வெயில்தான் இன்று உங்கள் முகத்தில் இருக்கிறது. மகளின் மணவறைக்குப் பக்கத்தில் நிற்கும்போது முகம் கொஞ்சம் தெளிவாக இருக்கவேண்டும் என்று நினைத்ததில் ஒரு பிழையும் இல்லை. ஏன் வாங்கினாய் என்று சட்டம் உங்களிடம் கேட்காது. என்ன சொல்லி விற்றாய் என்று அவவிடம்தான் கேட்கும்.

அடுத்தது நாள்க்கணக்கு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். நீங்கள் முதல் வாங்கியது பெப்ரவரி 10. மே 10க்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. இரண்டாவது போத்தலுக்கு ஜூன் நடுப்பகுதி வரை காலம் உண்டு, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டால் முதல் வாங்கியதற்கான வழி அடைபட்டுவிடும். இந்தக் கிழமையே கிளிநொச்சிக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அதிகார சபைப் பிரிவுக்குப் போங்கள். நீங்கள் முல்லைத்தீவு மாவட்டம் என்றாலும் விற்பனை நடந்தது கிளிநொச்சியில். போகமுதல் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம், ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிடாமல் கடிதமும் கொடுத்து, கொடுத்ததற்கான கையொப்பமும் திகதியும் உங்கள் பிரதியில் வாங்குங்கள்.

கோபத்தில் அந்தப் போத்தல்களைக் கிணற்றடியில் எறிந்துவிடாதீர்கள். அவைதான் உங்கள் முதல் சாட்சி. மிச்சம் இருக்கும் கிரீமோடு மூடி, பெட்டி, உள்ளே இருந்த துண்டுக் கடதாசி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, பிள்ளைகள் கை படாத இடத்தில் வையுங்கள். பில் இல்லை என்று கவலைப்படுகிறீர்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டியது வியாபாரியின் கடமை, அதைத் தராதது அவவின் பிழை. மார்ச் 14இல் வங்கியில் போட்ட காசின் பதிவு இருக்கிறது. வட்ஸ்அப்பில் விலை பேசிய செய்திகள், குரல் பதிவுகள், அந்த பேஸ்புக் விளம்பரம் எல்லாம் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் சான்றாக ஏற்கப்படக் கூடியவை. விளம்பரத்தை அவ அழிக்கமுதல் இன்றைக்கே போனில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். போனை மாற்றவோ செய்திகளை அழிக்கவோ வேண்டாம். முகத்தைத் திகதி தெரியும்படி ஒவ்வொரு நாளும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

இனி அவ சொன்ன சாட்டுகள்.

"நான் ஏஜென்ட் மட்டும்தான்." சட்டத்தில் வியாபாரி என்றால் கொழும்புக் கொம்பனி மட்டும் இல்லை. சில்லறையாக விற்பவரும் வியாபாரிதான். காசை வாங்கியது அவ, சாமானைத் தந்தது அவ. தனக்கு விற்றவரிடம் அவ பின்னர் கேட்டுக்கொள்ளலாம். உங்களை அங்கே அனுப்ப முடியாது.

"விற்ற சாமான் திருப்பி எடுக்கிறதில்லை." சுவரில் ஒட்டிய அந்த வசனம் அதிகார சபையின் விசாரணையை மறிக்காது. சொன்ன உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றதாகக் கண்டால் நட்டஈடு கொடுக்க, அல்லது பொருளை மாற்றிக் கொடுக்க, அல்லது காசைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு. மாற்றுப் பொருள் வேண்டாம், காசும் நட்டஈடும்தான் வேண்டும் என்று கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

மூன்றாவது சாட்டைத்தான் நான் கவனமாக எடுக்கிறேன், ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நல்ல கிரீம்கூடச் சிலரின் தோலுக்கு ஒத்துவராது. முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் பூசி ஓரிரு நாள் பார்ப்பது நல்ல பழக்கம். உங்களுக்கு மட்டும் வந்த ஒவ்வாமை என்று நிரூபித்தால் வழக்கு மெலிந்துபோகும். ஆனால் உங்கள் கதை அப்படியானதாக எனக்குப் படவில்லை. ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் பூசிக்கொண்டிருக்கும்போதே கடிக்கும், சிவக்கும். உங்களுக்குப் பூசும்வரை பளபளத்து, விட்டவுடன் எரிந்தது. ஸ்டீரொய்ட் மருந்தை முகத்தில் தொடர்ந்து பூசி நிறுத்தும்போது இப்படி நடக்கும். அதோடு, போத்தலில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதாமல் விற்றுவிட்டு, சோதித்துப் பார்த்திருக்க வேணும் என்று வாங்கியவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதிகபட்ச சில்லறை விலை, காலாவதித் திகதி, இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி இவை போத்தலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதையும் முறைப்பாட்டில் தனியாகக் குறிப்பிடுங்கள்.

தாலிக்கொடியில் படாமல் பூசச் சொன்னா என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்ததும் எனக்கு மனம் பதறியது. பாதரசம் தங்கத்தோடு ஒட்டி நகையை வெளுக்கச் செய்யும். தங்கம், வெள்ளியில் படக்கூடாது என்ற எச்சரிக்கை பாதரசம் கலந்த கிரீம்களில் காணப்படும் அடையாளங்களில் ஒன்று. வெளிச்சம் பட்டால் கிரீம் சாம்பல் நிறமாக மாறுவதும் இன்னொன்று. பாதரசம் தோலோடு நிற்காது, உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். துவாய், தலையணை வழியாக வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைகளுக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்த, இலங்கையும் கைச்சாத்திட்ட மினமாட்டா உடன்படிக்கை இப்படியான அழகுசாதனங்களைத் தடைசெய்கிறது. ஒரு சொல்லை வைத்து பாதரசம் இருக்கிறது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லை அவ சொன்னபடியே முறைப்பாட்டில் எழுதி, கிரீமைப் பகுப்பாய்வுக்கு அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகும்போது போத்தலையும் கொண்டுபோய்க் காட்டி, இந்த நகைக் கதையையும் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுதுவது வழக்கில் பெரிய பலம். பழையபடி பூசினால் எரிவு அடங்கும் என்று நினைத்து அந்தக் கிரீமை மட்டும் திரும்பத் தொடவேண்டாம்.

ஸ்டீரொய்ட் இருப்பது உறுதியானால் விசயம் வேறு இடத்துக்குப் போகும். அது அழகுசாதனம் இல்லை, மருந்து. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாத அழகு நிலையம் ஒன்று மருந்து விற்க முடியாது.

எதுவும் உறுதியாகாவிட்டாலும் அந்த விளம்பரம் ஒன்றே போதும். பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவும், பொய்யான கூற்றுகளை 31ஆம் பிரிவும் தடைசெய்கின்றன. சுருக்கத்துக்கு வைத்தியர்கள் எழுதும் ட்ரெட்டினோயின் கிரீமுக்கே பலன் தெரிய மாதக்கணக்கு எடுக்கும். வெயிலால் வந்த மங்குக்கு வெயில் தடுப்புக் கிரீமும் தொப்பியும் இல்லாமல் வேறு எதுவும் நிலைக்காது. ஏழு நாளில் பத்து வயதைக் குறைக்கும் கிரீம் உலகத்தில் இல்லை.

மானநஷ்டம் பற்றிப் பயப்படுகிறீர்கள். இலங்கையில் மானநஷ்டம் 2002ஆம் ஆண்டில் இருந்து குற்றவியல் குற்றம் இல்லை. அதற்காகப் பொலிஸ் உங்களைப் பிடிக்க முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போடலாம்தான், ஆனால் சொன்னது உண்மை, மற்றவர்களின் நன்மைக்காகச் சொன்னது என்பது அதற்கு நல்ல எதிர்வாதம். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் காட்டியும் சிலர் வெருட்டுவார்கள். அது பொய்க் கூற்றுகளைப் பற்றியது. ஆகவே உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "இந்தக் கிரீம் பூசினேன், இப்படி ஆனது, டொக்டர் இப்படிச் சொன்னார்" என்பது உண்மை. "அவ நஞ்சு விற்கிறா" என்று எழுதியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். பாதரசம் பற்றிப் பகுப்பாய்வு முடிவு வரும்வரை குழுவில் ஒன்றும் எழுத வேண்டாம். அந்தப் பிள்ளையின் குடும்பத்தைப் பற்றியும் ஒரு சொல் வரக்கூடாது. வெருட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

வைத்தியச் செலவுக்கும் பட்ட வேதனைக்கும் தனியாக வழக்குப் போடுவதென்றால், நட்டம் ஏற்பட்டு இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். உங்களுடையது போன்ற சிறிய தொகைப் பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போகவேண்டும். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, நீங்களே பேசலாம். உண்மையைச் சொன்னால், ஒரே ஊர்க்காரருக்குள் நடந்த இந்த விசயத்துக்கு எனக்குப் பிடித்த இடமும் அதுதான். அந்தப் பிள்ளையையும் யாரோ ஏமாற்றித்தான் இந்தப் போத்தல்களை அவவின் தலையில் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கே வாங்கினா என்ற பெயர் அங்கே வெளிவந்தால் அது உங்கள் 15,000 ரூபாயைவிடப் பெரிய விசயம். ஆனால் மத்தியஸ்த சபைக்குப் போகிறோம் என்று அதிகார சபைக்கான முறைப்பாட்டை நிறுத்த வேண்டாம். இரண்டும் தனித்தனி வழி, மே 10 யாருக்காகவும் காத்திருக்காது.

கடிதம் எழுதக் கஷ்டம் என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவி செய்வார்கள்.

உங்கள் படத்தைப் பார்த்துவிட்டுத் தானும் அதே கிரீம் பூசுவதாக குழுவில் யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால், கச்சேரிக்குப் போகும்போது அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள். போத்தலோடு.