அபராதம் யாருக்கு?

கேள்வி: எங்கள் ஊரில் பத்தாம் வகுப்பு படிக்கும் நான்கு பையன்கள் கண்மாய்க் கரையில் குடித்துவிட்டு மயங்கிக் கிடந்தார்கள். ஊர்க்கூட்டத்தில் அவர்களை நிற்க வைத்து, வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் போட வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள். மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி என்பதால் என் கருத்தையும் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும் ஐயா?
- ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: கூடாது என்று சொல்லுங்கள் அம்மா. கூட்டம் நடக்கட்டும். ஆனால் நடுவில் நிற்க வேண்டியவர்கள் அந்தப் பையன்கள் அல்லர். டாஸ்மாக் கடையில் 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. அப்படியிருக்க, பதினைந்து வயதுப் பிள்ளையின் கைக்குப் பாட்டில் எப்படி வந்தது? கடையில் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டில் பதுக்கி விற்பவரோ, உறவுக்கார அண்ணனோ கொடுத்திருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் கொடுத்த கை பெரியவருடையது. அந்தக் கை யாருடையது என்று கூட்டத்தில் கேளுங்கள்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 77-ஆம் பிரிவு: 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அடுத்த பிரிவு, மதுவை விற்கவோ சுமந்து வரவோ பிள்ளையைப் பயன்படுத்துவோருக்கும் அதே தண்டனையைச் சொல்கிறது. இந்த இரண்டு வரியையும் வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதி, ரேஷன் கடைச் சுவரிலும் டீக்கடையிலும் ஒட்டச் சொல்லுங்கள்.

இருபத்தொன்பது ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவன் நான். ஒரு கல்யாண வீட்டில், பந்தலுக்குப் பின்னால் பெரியவர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். என் மாணவன் ஒருவன், ஏழாம் வகுப்பு, தண்ணீர் பாக்கெட்டும் ஊறுகாயும் கொண்டு வந்து கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய மாமா தம்ளரில் விரலை நனைத்து அவன் நாக்கில் தடவினார். அவன் முகம் சுளித்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்; ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று ஆண்டு கழித்து அவன் பள்ளியை விட்டு நின்றபோது, அவன் பையைத் திறந்து பார்த்த அவன் தாய் என்னிடம் வந்து அழுதார். அந்த விரல் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அபராதம் போட்டால் என்ன ஆகும்? கூலிக்குப் போகும் தாய் கடன் வாங்கிக் கட்டுவாள். பையன் அவமானத்தில் ஊரை விட்டு ஓடுவான், அல்லது கண்மாயை விட்டு இன்னும் மறைவான இடம் தேடுவான்.

ஐஸ்லாந்தில் 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், கடந்த ஒரு மாதத்துக்குள் போதை ஏறும் அளவு குடித்ததாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 சதவீதம். அங்கே பெற்றோர் கூட்டமாகச் சேர்ந்து இரவில் தெருக்களில் நடந்தார்கள். பிள்ளைகளின் மாலை நேரம் விளையாட்டிலும் இசையிலும் கழிய ஊராட்சிகள் பணம் கொடுத்தன. இதில் நம்மால் ஆகாதது எதுவும் இல்லை. உங்கள் குழுவில் நான்கு நான்கு பேராக முறை வைத்து, இருட்டும் நேரத்தில் கண்மாய்க் கரையில் டார்ச்சோடு நடந்து வாருங்கள். அடிக்கப் போக வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். பதுக்கி விற்பவர் விஷயத்தைக் கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு, நகலைக் காவல் நிலையத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை என்பதால், மாலையில் மைதானத்தைத் திறந்துவைக்கக் கேட்பது எளிது.

அந்த நால்வரில் எவனுக்காவது குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை என்றால், அதை ஒழுக்கக் கேடாகப் பார்க்காதீர்கள், அது நோய். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடனே அழைத்துப் போங்கள். 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழி சொல்வார்கள்.

கூட்டத்துக்கு முன்பே நான்கு வீட்டுக்கும் ஒரு நடை போய் அந்தத் தாய்மார்களைப் பாருங்கள். பையன்கள் வாலிபால் ஆடுவார்களா என்று விசாரித்து எழுதுங்கள்; வலையும் பந்தும் நான் வாங்கி அனுப்புகிறேன்.