அமெரிக்காவின் அரிசோனா, யூட்டா பக்கம் காரில் போகும்போது காசு கொடுக்காமல் எங்கே கூடாரம் போடலாம்?

தாராளமாகப் போடலாம், சட்டப்படியே. பக்கத்து மாநிலமான நெவாடாவில் சுமார் 80 சதவீதம், யூட்டாவில் 60 சதவீதத்துக்கு மேல் நிலம் மத்திய அரசுடையது. அதில் பி.எல்.எம். என்ற நில நிர்வாகத் துறையின் இடங்களில், தடை என்று பலகை இல்லாவிட்டால், பொதுவாக 14 நாள்வரை இலவசமாகத் தங்கலாம். முன்பதிவு கிடையாது. தண்ணீர், கழிப்பறை, குப்பைத்தொட்டியும் கிடையாது.

குளிர்காலம் என்றால் அரிசோனாவின் குவார்ட்சைட் என்ற ஊரைச் சுற்றி இடம் பாருங்கள். அங்கே லா போசா பகுதிக்கு மட்டும் கட்டணம் உண்டு. எனக்குப் பிடித்த இடம் யூட்டாவில் மெக்சிகன் ஹாட் என்ற ஊர் பக்கத்திலுள்ள வேலி ஆஃப் த காட்ஸ் பள்ளத்தாக்கு. 17 மைல் மண்சாலை, இருபுறமும் செம்பாறைக் கோபுரங்கள். மழை பெய்தால் மட்டும் அந்தச் சாலைப் பக்கமே போகாதீர்கள், களிமண் டயரை விடாது. அருகிலிருக்கும் மான்யுமென்ட் வேலி நவஹோ மக்களின் நிலம். அங்கே நினைத்த இடத்தில் தங்க முடியாது.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுங்கள். இருட்டில் சமதளமாகத் தெரியும் மணல்தரை பல நேரம் வறண்ட ஓடையாக இருக்கும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர்வரை மழைக்காலம். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், எங்கோ மலையில் பெய்த மழை அந்த ஓடையில் வெள்ளமாக வந்துவிடும்.

இன்னொன்று, தயவுசெய்து இதை மறக்காதீர்கள். யூட்டா மண்ணில் ஆங்காங்கே கருப்பாக, சின்னச் சின்ன முண்டு முண்டாக ஒரு பொருக்கு தெரியும். குனிந்து பார்த்தால் கருகிய ரொட்டியின் மேல்பக்கம் போல இருக்கும். அது உயிருள்ளது, நுண்ணுயிரிகளும் பாசியும் சேர்ந்து மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருக்கின்றன. ஒருமுறை டயர் ஏறினால் பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதனால் புதிதாக இடம் தேடி வண்டியை இறக்காமல், ஏற்கெனவே ஆட்கள் தங்கிய தடம் உள்ள இடத்திலேயே நிறுத்துங்கள். இப்படித் தடம் கூடிக்கூடித்தான் பல இடங்களை மூடுகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலனாவது, அதாவது கிட்டத்தட்ட நாலு லிட்டர், வேண்டும். அதற்கும் மேலே கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சாலை நிலவரமும் நெருப்பு மூட்டத் தடை இருக்கிறதா என்பதும் அந்தப் பகுதி பி.எல்.எம். அலுவலகத்துக்கு போன் செய்தால் சொல்லிவிடுவார்கள். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், உள்ளே போனால் பல இடங்களில் சிக்னல் இருக்காது.