களவு போன நகைக்கு இழப்பீடு: சதவீதம் கேட்கும் ஆலோசகர் தேவையா?

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் சொந்த வீட்டில் நானும் என் மனைவியும் வசிக்கிறோம். மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரு சென்று 18 நாள்கள் கழித்துத் திரும்பியபோது, கொல்லைப்புறக் கதவின் தாழ்ப்பாள் பெயர்க்கப்பட்டு, பூட்டியிருந்த பீரோவும் உடைக்கப்பட்டு, அதிலிருந்த 22 பவுன் நகையும் வெள்ளிப் பாத்திரங்களும் களவு போயிருந்தன. எங்கள் ஹவுஸ்ஹோல்டர்ஸ் பாலிசியில் நகைக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. பதற்றத்தில் நான் எழுதிக் கொடுத்த புகாரில் ‘ஊரிலிருந்து திரும்பியபோது நகைகளைக் காணவில்லை’ என்றுதான் இருக்கிறது. காவல் நிலையத்தில் இதுவரை சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே தந்திருக்கிறார்கள். இழப்பை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயர் பில் கேட்கிறார். 9 பவுனுக்குத்தான் பில் இருக்கிறது. இதற்கிடையே ‘கிளெய்ம் கன்சல்டன்ட்’ என்று அறிமுகமான ஒருவர், கிடைக்கும் தொகையில் 15 சதவீதம் தந்தால் எல்லாவற்றையும் தாமே முடித்துத் தருவதாகச் சொல்லி ஒப்பந்தம் நீட்டுகிறார். கையெழுத்திடலாமா, அல்லது வழக்கறிஞரை வைத்துக்கொள்வதா?

பதில்: ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்திட வேண்டாம். அமெரிக்காவில் பல மாநிலங்களில், பாலிசிதாரரின் சார்பில் இழப்பை மதிப்பிட்டு நிறுவனத்தோடு பேசுவதற்கென்றே அரசு உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படியொரு தனி உரிமம் கிடையாது. இங்கே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எனப்படும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் உரிமமோ பதிவோ பெற்றுத் தொழில் செய்பவர்கள் சர்வேயர், முகவர், புரோக்கர் போன்றவர்கள்தாம். ஆகவே அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பதிவின் பேரில் இந்த வேலையைச் செய்கிறார் என்பது. பாலிசியை ஒரு புரோக்கர் மூலம் எடுத்திருந்தால், இழப்பீட்டுக் கோரிக்கையில் உதவுவதும் அவருடைய கடமைதான். அதற்குத் தனியாகப் பங்கு தர வேண்டியதில்லை. மேலும், உங்களுக்கு நகைப் பிரிவில் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை 5 லட்சம். அதில் 15 சதவீதம் என்பது 75,000 ரூபாய். உங்கள் கோரிக்கையில் உண்மையான முடிச்சுகள் மூன்று இருக்கின்றன. அவற்றில் முதல் இரண்டை நீங்களேதான் அவிழ்க்க வேண்டும், பணம் கொடுத்தாலும் வேறொருவரால் முடியாது.

முதல் முடிச்சு, புகாரின் வாசகம். வீட்டுக் காப்பீடு இருக்கிறது என்பதாலேயே திருட்டுக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி, அடிப்படையில் தீ, புயல், வெள்ளம் போன்றவற்றுக்கானது; அத்தகைய நிகழ்வால் நேர்ந்து, ஏழு நாள்களுக்குள் நடக்கும் திருட்டை மட்டுமே அது ஏற்கும். நல்லவேளையாக உங்களுடையது கன்னக்களவுப் பிரிவும் சேர்ந்த ஹவுஸ்ஹோல்டர்ஸ் பாலிசி. ஆனால் அந்தப் பிரிவிலும் ‘பலவந்தமாக நுழைந்து அல்லது வெளியேறி நடந்த களவு’ என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்கும் ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற வணிக நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம், பாலிசியில் அப்படி எழுதியிருந்தால் பலவந்தம் இல்லாத வெறும் திருட்டுக்கு இழப்பீடு கிடையாது என்று தீர்ப்பளித்தது. ‘நகைகளைக் காணவில்லை’ என்ற உங்கள் இரண்டு சொற்கள் ஏன் ஆபத்தானவை என்பது இதிலிருந்து விளங்கும். தாழ்ப்பாள் பெயர்க்கப்பட்டதையும் பீரோ உடைக்கப்பட்டதையும், எந்தத் தேதிகளுக்கு இடையில் வீடு பூட்டிக் கிடந்தது என்பதையும் விவரித்து, முந்தைய புகாரின் தொடர்ச்சி என்று குறிப்பிட்டு, உடனே ஒரு கூடுதல் மனு கொடுங்கள்; நகல் ஒன்றில் நிலைய முத்திரை பெறுங்கள். விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்து, கண்டதைக் குறித்து எழுதும் பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் உடைப்புகள் பதிவாகின்றனவா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். தச்சரைக் கூப்பிட்டுக் கதவைச் சரிசெய்வதற்கு முன் படங்கள் எடுத்து, சர்வேயரும் எடுத்துவிட்டார் என்பதை உறுதிசெய்யுங்கள். பெயர்ந்த தாழ்ப்பாளைத் தூக்கி எறிய வேண்டாம்.

சி.எஸ்.ஆர். என்பது புகார் பெறப்பட்டதற்கான ரசீதுதான். அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. காப்பீட்டு நிறுவனம் கேட்பது பின்னதைத்தான். களவு என்பது புகார் கிடைத்ததும் வழக்குப் பதிவு செய்ய வேண்டிய குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்கிறது. நிலைய அதிகாரி பதிவு செய்ய மறுத்தால் புகாரின் சாரத்தை எழுத்து மூலம் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். திருச்சி போன்ற மாநகரங்களில் அது மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கும் பயனில்லையென்றால் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். இந்தக் கடைசிப் படிக்கு வந்தால் மட்டும் ஒரு வழக்கறிஞர் வேண்டும்.

இரண்டாவது முடிச்சு, பில் இல்லாத 13 பவுன். அதற்கு முன் சர்வேயரைப் பற்றி ஒரு சொல். நம் ஊரில் சர்வேயர் என்றதும் நிலம் அளப்பவர் நினைவுக்கு வருவதாலோ என்னவோ, இவரை நிறுவனத்தின் ஊழியர் என்று நினைத்துச் சிலர் சண்டை பிடிக்கிறார்கள், சிலர் கெஞ்சுகிறார்கள். அவர் உரிமம் பெற்ற தனித் தொழிலர். அவரை நியமிப்பதும் அவருக்கு ஊதியம் கொடுப்பதும் நிறுவனம், ஆனால் இழப்பை நடுநிலையாக மதிப்பிட வேண்டிய கடமை அவருக்கு உண்டு. அவருடன் தொலைபேசியில் வாதாடுவதைவிட, அவர் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சலில் பதிலளிப்பது உங்களுக்குப் பலம். நியமிக்கப்பட்ட 15 நாள்களில் சர்வேயர் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாள்களில் நிறுவனம் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கைகளின் ஏற்பாடு. தாமதமானால் அதைச் சுட்டி எழுதுங்கள்.

நகைக்குப் பில் ஒன்றே சான்று அல்ல. சீர்வரிசை நகைக்கும், பாட்டி கொடுத்த ஒட்டியாணத்துக்கும் யார் பில் வைத்திருப்பார்கள்? கல்யாண, வளைகாப்பு ஆல்பங்களில் அந்த நகை தெளிவாகத் தெரியும் படங்கள், எப்போதாவது வங்கியில் நகைக்கடன் வாங்கியிருந்தால் வங்கியின் மதிப்பீட்டாளர் எடையும் தரமும் குறித்த சீட்டு, நகைச் சீட்டு கட்டி வாங்கியிருந்தால் அந்தப் பாஸ் புத்தகம், கடைக்குச் செலுத்திய தொகை தெரியும் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை எல்லாம் சான்றுகளே. கடைக்காரரிடம் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்துக் கேட்டால் பழைய பில்லின் நகல் பெரும்பாலும் கிடைத்துவிடும். கடையில் தரும் எஸ்டிமேட் சீட்டு பில்லுக்கு ஈடாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த இடத்தில்தான் ஒரு தொழில்முறை உதவி காசுக்குத் தகும்: வங்கிகளின் பட்டியலில் உள்ள ஒரு நகை மதிப்பீட்டாளரிடம் படங்களையும் சீட்டுகளையும் காட்டி, நகை வாரியாக எடை, தரம், களவு நடந்த நாளின் மதிப்பு ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். அதற்கான கட்டணம் சதவீதமாக அல்லாமல் ஒரு முறை கொடுக்கும் தொகையாக இருக்கட்டும்.

மூன்றாவது முடிச்சுதான் பலர் கண்ணில் படாதது. உங்கள் கணக்கில் அதிகப் பணம் போவதும் வருவதும் இங்கேதான். காப்பீட்டுத் தொகை பொருளின் உண்மை மதிப்பைவிடக் குறைவாக இருந்தால், இழப்பை அதே விகிதத்தில் குறைத்துத் தரும் ‘ஆவரேஜ்’ என்ற விதி பல பாலிசிகளில் உண்டு. கணக்குக்கு வசதியாக ஒரு பவுன் 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்த 22 பவுனின் மதிப்பு 19.8 லட்சம், காப்பீடு 5 லட்சம். இருபத்திரண்டு பவுனும் போனது என்று ஏற்கப்பட்டால் விகிதத்தைப் போட்டாலும் முழு 5 லட்சமும் வரும். ஆனால் சர்வேயர், பில் உள்ள 9 பவுனை, அதாவது 8.1 லட்சத்தை மட்டும் இழப்பாக ஏற்றுக்கொண்டு, வீட்டிலிருந்த மொத்த மதிப்பு என்று 22 பவுனையும் கணக்கில் வைத்துவிட்டால், 8.1 லட்சத்தை 5-ஆல் பெருக்கி 19.8-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது சுமார் 2 லட்சத்து 4 ஆயிரம்தான். இழப்புக்கு நம்பாத 13 பவுனை மொத்த மதிப்புக்கு மட்டும் நம்புவது முறையாகாது: ஒன்று, இரண்டு இடத்திலும் 22 பவுன் இருக்க வேண்டும், அல்லது இரண்டு இடத்திலும் 9 பவுன் இருக்க வேண்டும். எப்படிப் போட்டாலும் அப்போது 5 லட்சம் வரும். இந்த ஒரு பத்தியை உங்கள் சொற்களில் எழுதி, சர்வேயரின் அறிக்கை வருவதற்கு முன்பே அவருக்கும் நிறுவனத்துக்கும் அனுப்பிவிடுங்கள். பாலிசியோடு நகைப் பட்டியலும் மதிப்பீடும் இணைக்கப்பட்டு, ஒவ்வொரு நகைக்கும் தொகை ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால் இந்த விதியே பொருந்தாமல் போகலாம். ஒரே நகைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் சில பாலிசிகளில் இருக்கும், பாலிசியின் அட்டவணையைப் பாருங்கள். வெள்ளிப் பாத்திரங்கள் நகைப் பிரிவில் வருகின்றனவா, வீட்டுப் பொருள்கள் பிரிவில் வருகின்றனவா என்பதும் அங்கேதான் தெரியும். வீடு தொடர்ந்து 30 நாள்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் களவுப் பாதுகாப்பு நின்றுபோகும் என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு; உங்கள் 18 நாள்கள் அதற்குள் அடங்குகின்றன, என்றாலும் பயணச்சீட்டுகளை எடுத்து வையுங்கள்.

இனி வழக்கறிஞர். நிறுவனம் இன்னும் மறுக்காத நிலையில் அவருக்கு வேலை குறைவு. பாலிசியின் நிபந்தனைகளைப் படித்துச் சொல்ல ஒரு மணி நேர ஆலோசனைக் கட்டணம் கொடுப்பது போதும். தீர்ப்பின் பலனில் பங்கு பேசிக்கொண்டு வழக்கு நடத்துவதை இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் தடைசெய்கின்றன என்பதால், சதவீதம் கேட்கும் வழக்கறிஞரையும் தவிர்த்துவிடுங்கள்.

நிறுவனம் மறுத்தாலோ குறைத்தாலோ, முதலில் சர்வேயர் அறிக்கையின் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். அந்த அறிக்கையே இறுதியானதல்ல, அதிலிருந்து விலகலாம் என்று 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், 30 நாள்கள் பதிலே வராவிட்டாலும், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, முறையீட்டைப் பாலிசிதாரரே தர வேண்டும் என்று விதி இருப்பதால் கன்சல்டன்ட்டுக்கு அங்கே இடமும் இல்லை. குறைதீர்ப்பாளர் வழங்கக்கூடிய இழப்பீட்டின் உச்சவரம்பு 2023 நவம்பரில் 30 லட்சத்திலிருந்து 50 லட்சமாக உயர்த்தப்பட்டது. தேவையான ஆவணங்கள் சேர்ந்த மூன்று மாதங்களில் தீர்ப்பு வர வேண்டும். அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லத் தடையில்லை. ஆனால் வரிசை மாறக் கூடாது: நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் முறையீட்டை ஏற்கமாட்டார். நுகர்வோர் வழக்குக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். என்றாலும் பலவந்த நுழைவு, ஆவரேஜ் ஆகியவை குறித்துச் சட்ட வாதம் வருமானால், அந்தக் கட்டத்தில் காப்பீட்டு வழக்குகளில் பழகிய ஒருவரை அமர்த்துவது நல்ல செலவு.

குறைந்த தொகைக்கு ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரை நீட்டினால் அவசரப்பட்டு ஒப்பமிட வேண்டாம். மோசடி, நிர்ப்பந்தம், தவறான தகவல் ஆகியவற்றால் கையெழுத்து வாங்கப்பட்டது என்று காட்டினால் மீதிக்குப் போராடலாம் என்று 1999-இல் அஜ்மீர் சிங் காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மையே. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். தொகையைப் பெறும் முன்பே, எதிர்ப்புடன் பெறுவதாக மின்னஞ்சல் அனுப்பிவிடுவது எளிது.

வழக்கில் துப்பு கிடைக்காமல் போனால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறையின் இறுதி அறிக்கையை நிறுவனம் கேட்கும். அது வர மாதக் கணக்காகலாம் என்பதால் விசாரணை அதிகாரிக்கு இப்போதே ஒரு கோரிக்கைக் கடிதம் கொடுத்து வையுங்கள். இழப்பீடு வாங்கிய பிறகு நகை மீட்கப்பட்டால், நீதிமன்றத்தில் அதைத் திரும்பப் பெற மனு செய்வதற்கு முன் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் கொடுத்த தொகையின் அளவுக்கு அந்த நகையில் அவர்களுக்கும் உரிமை உண்டு. உங்களிடம் 22 பவுனுக்கு 5 லட்சமே வந்திருக்கும் என்பதால், மீட்கப்பட்டதில் எவ்வளவு யாருக்கு என்பதையும் அப்போது பேச வேண்டியிருக்கும்.