மே தினம் ஜனவரிக்குப் போன கதை

வேளச்சேரியிலிருந்து டல்லாஸ் வந்து மூன்று வாரம் ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சென்னை டீம் அனுப்பும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எக்ஸெலில் திறந்தால் தேதிகளில் பாதி இடது ஓரமாகவும் பாதி வலது ஓரமாகவும் நிற்கின்றன. லேப்டாப்பின் ரீஜனை, அதாவது எந்த நாட்டு முறையில் தேதியைப் படிப்பது என்கிற செட்டிங்கை, இந்தியாவுக்கு மாற்றிவிட்டால் தீருமா அண்ணா?"

தீராது தம்பி. நம்மூரில் நாளை முதலில் எழுதுகிறோம், அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள். மாற்றினால் சென்னைக் கோப்பு சரியாகிவிடும், பக்கத்து சீட்டு அமெரிக்கர் அனுப்பும் கோப்பு கெட்டுவிடும். 2014-ல் அமெரிக்கா போன புதிதில் நானும் அதைத்தான் செய்து, இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன்.

இடது ஓரம் நிற்பதைப் பார்த்துத்தானே பயப்படுகிறீர்கள்? பயப்பட வேண்டியது வலது ஓரத்தைப் பார்த்து. எக்ஸெல் தேதி என்று எடுத்துக்கொண்டதைத்தான் வலது ஓரத்தில் வைக்கும். 2024-ல் சென்னை டீம் எனக்கு ஏப்ரல், மே விடுமுறைப் பட்டியலை அனுப்பியது. தெலுங்கு வருடப்பிறப்பு 09/04/2024, ரம்ஜான் 11/04/2024, தமிழ்ப் புத்தாண்டு 14/04/2024, மே தினம் 01/05/2024. அமெரிக்க ரீஜனில் இருந்த என் லேப்டாப்பில் திறந்தபோது தெலுங்கு வருடப்பிறப்பு செப்டம்பர் 4 ஆகியிருந்தது. ரம்ஜான் நவம்பர் 4. மே தினம் ஜனவரி 5. தமிழ்ப் புத்தாண்டு மட்டும் தப்பித்தது, ஏனென்றால் பதினாலாவது மாதம் என்று ஒன்று கிடையாது. எக்ஸெலுக்கு அது தேதியாகவே தெரியவில்லை, அதனால் வெறும் எழுத்தாக இடது ஓரத்தில் விட்டுவிட்டது. ஆக, கோணலாகத் தெரிந்ததுதான் கெடாமல் இருந்தது. ஒழுங்காகத் தெரிந்த மூன்றும் தப்பு.

எக்ஸெல் உள்ளே தேதியை ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்றால் 1. அங்கிருந்து எண்ணினால் 2024 ஏப்ரல் 9 என்பது 45391, செப்டம்பர் 4 என்பது 45539. (நடுவில் 1900-ல் இல்லாத பிப்ரவரி 29-ஐயும் ஒரு நாளாகச் சேர்த்துக்கொள்ளும். எக்ஸெலுக்கு முந்தைய கணக்குத்தாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 காலத்திலிருந்து தொடரும் தப்பு அது.) எண்ணாக மாறிய பிறகு ஃபார்மட்டை எப்படி மாற்றினாலும் செப்டம்பர் செப்டம்பர்தான். அதனால் கெட்ட கோப்பில் மல்லுக்கட்டாமல் மூலக் கோப்புக்கே திரும்பிப் போங்கள். சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்யாமல், டேட்டா டேப் வழியாக உள்ளே எடுங்கள். அங்கே தேதி இருக்கும் நெடுவரிசைக்கு மட்டும் இந்திய லொகேலை (எந்த நாட்டு முறை என்பதை) குறிப்பிட வழி இருக்கிறது. கூகுள் ஷீட்ஸ் என்றால் இன்னும் சுலபம், ஃபைல் மெனுவின் செட்டிங்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக லொகேல் வைக்கலாம்.

டீமிடம் சிஎஸ்விக்குப் பதில் எக்ஸெல் கோப்பாகவே கேட்கலாம், எண் அப்படியே வந்துவிடும். ஆனால் ஒன்று, பெருங்குடியில் நான் வேலை பார்த்தபோது எனக்குக் கொடுத்த லேப்டாப்பே அமெரிக்க ரீஜனோடுதான் இருந்தது. அப்படி ஒரு லேப்டாப்பில் 9/4 என்று தட்டினால் தேதி சென்னையிலேயே கெட்டுவிடும், டல்லாஸ் வரைக்கும் வர வேண்டியதில்லை.

இப்போது லீவுக்கு நங்கநல்லூர் வந்திருக்கிறேன். எதிரே சுவரில் அம்மா தினமும் கிழிக்கும் காலண்டர். தேதி பெரிதாக எண்ணில், மாதம் எழுத்தில். அதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. நீங்களும் தட்டும்போது 9-Apr-2024 என்கிற மாதிரி, ஆங்கிலத்தில் மாதத்தின் முதல் மூன்று எழுத்தைப் போட்டு எழுதுங்கள், இந்திய ஆங்கிலம், அமெரிக்க ஆங்கிலம் இரண்டு ரீஜனிலும் எக்ஸெல் சரியாகப் புரிந்துகொள்ளும். சிஎஸ்வியில் அனுப்புவதென்றால் 2024-04-09, வருஷம் முதலில்.

அப்புறம், குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையையும் கவனியுங்கள். 2012 ஆகஸ்டில் பிறந்த என் மகளுக்குச் சென்னையில் தட்டம்மைக்கான எம்எம்ஆர் ஊசி போட்ட தேதி 04/11/2013. அமெரிக்கப் பள்ளியில் அதை ஏப்ரல் 11 என்று படித்தார்கள். முதல் பிறந்தநாளுக்கு முன்னால் போட்டது கணக்கில் சேராது, மறுபடி போட்டு வாருங்கள் என்றார்கள். அட்டையில் இருந்த இன்னொரு தேதி, 25/09, அதைக் காட்டித்தான் புரியவைத்தேன்.