தார் போட்ட பிறகு வந்து எதைப் பார்ப்பது?

கேள்வி: புது லேஅவுட்டில் வீடு வாங்கினோம். தார் ரோடு போட்டு ஒரு மழைக்காலம்கூட முழுசாகப் போகவில்லை, அதற்குள் ரோட்டின் நீளவாக்கில் கோடு பிடித்த மாதிரி பள்ளம் விழுந்திருக்கிறது. "புது மண் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், நகராட்சி இன்ஜினீயரே பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்" என்கிறார் லேஅவுட் போட்டவர். அந்த இன்ஜினீயர் என்னதான் பார்த்திருப்பார் ஐயா?

பதில்: கோடு பிடித்த மாதிரி என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. மண் தானாக இறங்கினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இறங்கும். உங்கள் தெருவில் இருக்கும் மேன்ஹோல் மூடி இரண்டுக்கு நடுவே ஒரு கயிற்றை இழுத்துப் பிடியுங்கள். பள்ளம் அந்தக் கயிற்றோடேயே போனால் சந்தேகமே வேண்டாம், குழாய் பதிக்கத் தோண்டியதை ஒழுங்காக மூடவில்லை.

குழாயின் மேல் மண்ணைப் போடும்போது 15 அல்லது 20 சென்டிமீட்டர் போட்டு இறுக்கி, அதன் மேல் அடுத்ததைப் போட்டு இறுக்கி, இப்படித்தான் மேலே வர வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை. அதனால் பொக்லைனை வைத்து மொத்த மண்ணையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, மேலே மட்டும் ரோலர் ஓட்டிவிடுவார்கள். ரோலரின் அழுத்தம் ஆழம் போகப் போகக் கரைந்துவிடும். மேலே கல் மாதிரி இருக்கும், கீழே பொலபொலவென்று கிடக்கும். முதல் மழைத் தண்ணீர் உள்ளே போனதும் அது உட்காரும், தாரும் கூடவே உட்காரும்.

இதைக் கண்டுபிடிக்க ஜோசியம் தேவையில்லை. 1933-ல் பிராக்டர் என்ற அமெரிக்க இன்ஜினீயர் வெளியிட்ட சோதனை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மண்ணை எந்த ஈரத்தில் இடித்தால் அதிகபட்சம் எவ்வளவு இறுகும் என்று முதலில் ஆய்வகத்தில் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் களத்தில் சின்னக் குழி தோண்டி, எடுத்த மண்ணை எடை போட்டு, அளவு தெரிந்த மணலைக் குழியில் கொட்டி, குழியின் கொள்ளளவைக் கணக்கிடுவார்கள். எடையும் கொள்ளளவும் தெரிந்தால் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஆய்வக அளவில் 95 சதவீதமாவது வர வேண்டும் என்பது பொதுவாகக் கேட்கப்படும் கணக்கு. இன்னொரு வழி, ஜல்லி கொட்டுவதற்கு முன் பாரம் ஏற்றிய லாரியை மண் தளத்தில் நடை வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது. நான் வேலையில் இருந்தபோது லாரியின் பின்சக்கரத்தை ஒட்டியே நடப்பேன். டயர் போகும்போது மண் அமுங்கி மறுபடி எழும்பினால் அந்த இடத்தில் அடையாளம் போட்டு, தோண்டி மாற்றச் சொல்வேன். டிரைவர் முனகுவார், கான்ட்ராக்டர் அதைவிட அதிகமாக முனகுவார்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது கையெழுத்து இருக்கிறதா என்பதல்ல, அதன் தேதி என்ன என்பதைத்தான். குழாயை மூடும் முன், மண் தளம் முடிந்ததும், ஜல்லித் தளம் முடிந்ததும், தார் போடும் அன்று என ஒவ்வொரு கட்டத்துக்கும் பதிவும் சோதனை முடிவும் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ஒரே தேதியில் ஒரே கையெழுத்துதான் இருக்கிறது என்றால், வந்தவர் பார்த்தது கறுப்பு நிறத்தை மட்டும்தான். என்னைக் கேட்டால், அப்படி வருவதற்கு வராமலே இருந்திருக்கலாம். இப்போது அந்தக் கையெழுத்தல்லவா உங்களுக்கு எதிராக நிற்கிறது!

ரோட்டில் குறை வந்தால் போட்டவரே சரிசெய்து தர வேண்டிய பராமரிப்புப் பொறுப்புக் காலம் முடிவதற்குள் நகராட்சிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பள்ளத்தின் குறுக்கே நேரான கம்பியை வைத்து, அடியில் ஸ்கேலை நிறுத்திப் படம் எடுத்து இணையுங்கள். பள்ளத்தில் கொஞ்சம் தாரை ஊற்றிச் சமன் செய்து தருகிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். தோண்டி, மறுபடி இறுக்கி மூடினால்தான் உண்டு.

கேள்வி: எங்கள் தெருவில் மேன்ஹோல் மூடிகள் ரோட்டைவிட ஒன்றரை அங்குலம் உயரமாக நிற்கின்றன. கார் இடிக்கிறது. இதுவும் தப்புதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். கடைசித் தார் அடுக்கு இன்னும் பாக்கி இருக்கலாம், அதன் மட்டத்துக்குத்தான் மூடியை வைத்திருப்பார்கள். பெரும்பாலான வீடுகள் கட்டி முடியும்வரை அதைப் போடாமல் வைத்திருப்பது பல ஊர்களில் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து கிடைத்த கணக்குப்படி, வண்டியின் ஒரு சக்கர அச்சு தாங்கும் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும். குடியிருப்புத் தெரு தன் ஆயுளில் பார்க்கிற கனத்த வண்டியெல்லாம் செங்கல், கம்பி, கான்கிரீட் ஏற்றிக்கொண்டு வீடு கட்டும் காலத்தில்தான் வரும்.

ஆனால் அதுவரை மூடியைச் சுற்றித் தாரால் சரிவு கொடுத்திருக்க வேண்டும். இன்னொன்று, பாக்கி அடுக்குக்காக லேஅவுட் போட்டவர் கொடுத்த வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ நகராட்சியிடம் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். அதைத் திருப்பிக் கொடுத்திருந்தால் உங்கள் மூடி அப்படியேதான் நிற்கும்.

கேள்வி: தார் போடும் அன்று நாங்களும் நின்று பார்க்கலாமா?

பதில்: தாராளமாக, ஆனால் ரோலரை விட்டுத் தள்ளி நில்லுங்கள். லாரிகளின் எடைச் சீட்டைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 100 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், இறுகிய பிறகு 5 சென்டிமீட்டர் கனம் என்றால் 25 கன மீட்டர், எடையில் 59 டன் அளவுக்கு வரும். 45 டன்தான் இறங்கியது என்றால் கனம் எங்கே குறைந்தது என்று அளக்க வேண்டியதுதான். அப்புறம் சூடு. ஆறிப்போன கலவையில் எத்தனை தரம் ரோலர் ஓட்டினாலும் இறுகாது, பொதுவாக 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் உருட்டி முடித்துவிட வேண்டும். ஆய்வாளர் கையில் வெப்பமானி இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். ரோலர் ஓட்டுபவரிடம் சண்டை போடாதீர்கள், அவர் சொன்னதைச் செய்பவர்.

ஆறின பிறகு ஒரு டேங்கர் தண்ணீரை ரோட்டின் நடுவில் விடச் சொல்லுங்கள். ஓரத்துக்கு ஓடாமல் தேங்குகிற இடங்களைப் பெயிண்டால் வட்டம் போட்டு, அவற்றைச் சரிசெய்யும்வரை ரோட்டை ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று நகராட்சிக்கு எழுதிக் கொடுங்கள்.