கொரோனாவோட துணைப் புரதங்கள்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஏ/எல் பயோ புள்ளைங்க கேட்டதால வந்திருக்கேன். பேராதனைல படிச்சு ஆய்வுகூடத்துல வேல செய்றேன், டொக்டர் இல்ல. மருந்து, மாத்திர பத்தி என்கிட்ட கேக்காதீங்க.

ஹட்டன் தங்கச்சி: அக்கா, ஸ்பைக்கும் துணைப் புரதமா?

இல்லம்மா. ஸ்பைக், ஈ, எம், என் நாலும் வைரஸோட உடம்பு. நகல் எடுக்குறதுக்கு என்எஸ்பினு 16 புரதம் தனியா இருக்கு, அதுங்க வைரஸோட உடம்புல சேராது. அதுக்கு வெளிய 3ஏ, 6, 7ஏ, 7பி, 8, 9பினு வர்ற சின்னச் சின்னதுங்கதான் துணை.

தலவாக்கலை அண்ணன்: அந்த 6, ஓஆர்எப்6னு சொல்றது, அப்படி என்னதான் பண்ணுது?

இதுதான் எனக்குப் புடிச்ச ஆளு. வைரஸ் பூந்த கலம் இன்டர்பெரான வெளியாக்கும், தோட்டத்துல காலைல பெரட்டுக்கு ஆள் கூப்பிட தப்பு மேளம் அடிக்கிற மாதிரி, பக்கத்து லயம் முழிக்கிற மாதிரி பக்கத்து கலமெல்லாம் முழிச்சிக்கும். சத்தம் கேட்ட கலத்துல ஸ்டாட்1னு ஒரு புரதம் சேதிய தூக்கிக்கிட்டு, ஜீனெல்லாம் இருக்குற கலத்தோட கருவுக்குள்ள ஓடணும், அப்பதான் வைரஸ எதிர்க்குற ஜீனெல்லாம் வேலைக்கு எறங்கும். ஓஆர்எப்6 வெறும் 61 அமினோ அமிலம்தான், ஆனா அதோட வால் கருவோட துவாரத்துல இருக்குற நியூப்98, ரே1ங்கிற ரெண்டு புரதத்தயும் புடிச்சிக்கிட்டு வாசல மறிச்சு நிக்கும். ஸ்டாட்1 உள்ள போக ஏலாது, புரதம் செய்யச் சொல்ற கலத்தோட சொந்த எம்ஆர்என்ஏ வெளிய வர்றதும் கஷ்டமாயிரும். வைரஸுக்கு நட்டமில்ல, அது நகல் எடுக்குறது கருவுக்கு வெளிய இருக்குற குழியவுருல, கருப்பக்கம் அதுக்கு வேலையே கெடையாது.

9பி, கலத்துக்கு சக்தி குடுக்குற இழைமணி மேல இருக்குற டொம்70ங்கிற புரதத்த புடிச்சு தப்பு அடிக்கிறதயே அமத்தப் பாக்கும். 3ஏ, கலம் குப்பைய, அத அரைக்கிற லைசோசோமுக்கு அனுப்புற வழிய அடைக்கும்.

நுவரெலியா: கொத்தமல்லி தண்ணி குடிச்சா இதெல்லாம் நிக்குமா?

தொண்டைக்கு எதமா இருக்கும். அவ்ளோதான்.

பதுளை சார்: வீரோ கலத்துல துணைப் புரதம் பலத வெட்டி எடுத்தாலும் வைரஸ் நல்லா வளருதே, அப்புறம் என்ன உதவி?

சார், வீரோ கொரங்கோட சிறுநீரகக் கலம், அதுல இந்த இன்டர்பெரான செய்ற ஜீனே இல்ல. தப்பே அடிக்காத தோட்டத்துல வாசல மறிக்கிறவனுக்கு என்ன வேல? மனுச கலத்துல, விலங்குல வச்சுப் பாருங்க.

பதுளை சார்: 2023ல எக்ஸ்பிபி.1.5ங்கிற ஒமிக்ரோன் வகை ஓஆர்எப்8 இல்லாமலே உலகம் பூரா போச்சே?

போச்சு, இல்லைங்கல. 2020ல சிங்கப்பூர்லயும் மரபணுல 382 எழுத்து போய் 8 ஒடஞ்ச வைரஸ் வந்துச்சு, அது தொத்தினவங்களுக்கு ஒக்சிசன் கொறையுறது கம்மியா இருந்துச்சு. ஆக 8 இல்லாட்டியும் நகல் ஓடும், நோயோட வேகந்தான் மாறும். எக்ஸ்பிபி பரவுனதுல ஸ்பைக் மாறி ஆன்டிபாடிக்கு டிமிக்கி குடுத்ததுக்குப் பெரிய பங்கு இருக்கு. 8 விசயத்துல உங்க பக்கம் பாதி ஞாயம், 6க்கு விட்டுத்தர மாட்டேன்.

பண்டாரவளை: ஸ்பைக் துணைப் புரதமா?

மேல ஹட்டன் தங்கச்சிக்கு சொல்லியிருக்கேன்.

மஸ்கெலியா தம்பி: புரதம் செய்ற ரைபோசோம அடைக்கிற என்எஸ்பி1 துணைப் புரதமா?

அது 16ல ஒன்னு, துணை இல்ல. நல்ல கேள்வி.

ஹப்புத்தளை: அம்மாவுக்கு இருமல் நிக்கல, என்ன மாத்திர...

டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இன்னைக்கே.

வெலிமடை: ஸ்பைக்கும் துணைப் புரதந்தானே அக்கா?

ஐயோ.