அக்கா வீட்டுக்குச் சிங்கப்பூர் போகிறோம், நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மதுரை குன்னத்தூர் சத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். முன்பு புது மண்டபத்தில் இருந்தோம். வயது 47. அக்கா குடும்பம் சிங்கப்பூரில், யீஷூனில் இருக்கிறது. ஜூன் முதல் வாரம் நான், மனைவி, 17 வயது மகள் மூவரும் எட்டு நாள் போகிறோம். டிக்கெட், விசா செலவு முடிந்தது. அக்கா மகன் ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றிக் காட்டி, ராத்திரி ஆற்றங்கரைப் பக்கமும் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். மனைவிக்கும் அந்த ராத்திரி ஊரைப் பார்க்க ஆசை. ஆனால் மச்சான் எங்களைச் செலவு பண்ணவே விடமாட்டார். அதுதான் கூச்சமாக இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷத் துணி தைத்து வந்ததில் 1,90,000 ரூபாய் கையில் உண்டு. மகளின் கல்லூரிக் கட்டணம் 65,000. வீட்டுச் செலவு மாதம் 28,000. ஆவணி வரை வேலை மந்தம்தான். தாய்மாமன் வெறுங்கையோடு போகலாமா என்று மருமகனுக்கு ஒரு மோதிரம் போட நினைக்கிறேன். மனைவியின் நகையை அடகு வைத்து ஒரு லட்சம் எடுக்கலாமா? அந்த ஒரு நாளுக்கு எவ்வளவு வேண்டும்?

பதில்: நகையை எடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களே அதற்குப் போதும்.

1,90,000 ரூபாயில் கல்லூரிக் கட்டணத்தை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். மீதி 1,25,000. வேலை மந்தமான மூன்று மாதத்துக்கு வீட்டுச் செலவு 84,000. அதையும் ஒதுக்கினால் 41,000 ரூபாய் நிற்கிறது. பயணத்துக்கு உங்கள் பணம் இந்த 41,000தான். இது போதும். எப்படிப் போதும் என்று கீழே சொல்கிறேன். ஒரு லட்சம் அடகுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலே மாதம் ஆயிரம். சீசன் இல்லாத மாதங்களில் அந்த ஆயிரம் எந்தத் துணியைத் தைத்து வரும்?

மோதிரம் பற்றி உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. நம் பக்கம் தாய்மாமன் சீர் என்பது வெறும் பணம் இல்லை, முறை. ஆனால் முறைக்கு ஒரு வேளை உண்டு. விருந்துக்குப் போகிற இடத்தில் மோதிரம் போட்டால் மச்சான் பதிலுக்கு உங்கள் மகளுக்கு ஏதாவது போட்டாக வேண்டும். இரண்டு வீட்டுக்கும் பாரம். மருமகனின் கல்யாணத்துக்கு என்று இந்த ஆடியிலிருந்து மாதம் 2,000 ரூபாய் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். இப்போது அக்காவுக்கு ஒரு சுங்குடிச் சேலையும், பழைய அளவை வைத்து உங்கள் கையால் தைத்த ரவிக்கையும் கொண்டுபோங்கள். மச்சானுக்கும் மருமகனுக்கும் ஆளுக்கு ஒரு சட்டை தையுங்கள். துணிக்கு 5,000 ரூபாய் வைத்தால் தாராளம். சிங்கப்பூரில் தையல் கூலி என்னவென்று அக்காவுக்குத் தெரியும். அந்த ரவிக்கையின் மதிப்பு அவருக்குப் புரியாமல் போகாது.

இனி அந்த ஒரு நாள். அங்கே நம்மவர்கள் டாலரை வெள்ளி என்பார்கள். கணக்குக்காக ஒரு வெள்ளி 70 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் மூவர், அவர்கள் மூவர், ஆக ஆறு பேர்.

பகல் பொழுது பயப்படும்படி இல்லை. செராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில், சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில், மெர்லயன் சிலை, யுனெஸ்கோ பட்டியலில் 2015இல் சேர்ந்த தாவரவியல் பூங்கா, எதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. தேக்கா உணவங்காடியில் ஆறு பேர் மதியம் வயிறாரச் சாப்பிட 60 வெள்ளி வையுங்கள். மாலை டீ, பலகாரத்துக்கு 20. உங்கள் மூவருக்கும் அன்றைய ரயில், பேருந்துக்கு 25.

இருட்டிய பிறகும் அருமையான காட்சிகள் இலவசம்தான். கார்டன்ஸ் பை தி பேயில் ராட்சத மரங்கள் பாட்டோடு ஒளிரும் காட்சி 7.45க்கும் 8.45க்கும். நடக்கும் தூரத்தில் மரினா பேயில் தண்ணீரும் ஒளியும் ஆடும் காட்சி 9 மணிக்கு. உங்கள் மனைவி கேட்ட ராத்திரி ஊர் இதுதான். இரண்டையும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். ராத்திரியில் மிருகங்களைப் பார்க்கும் நைட் சஃபாரிக்கு ஆள் ஒன்றுக்கு 50 வெள்ளிக்கு மேல் ஆகும், போக வர நேரமும் போகும். இந்த முறை அதை விட்டுவிடுங்கள்.

பணம் கரையும் இடம் அதற்குப் பிறகு வருகிறது. கிளார்க் கீ ஆற்றங்கரைக் கடைகளில் விலைப்பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். முதலில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்தத் தொகையின் மேல் 9 சதவீதம் ஜி.எஸ்.டி. 100 வெள்ளி என்று நினைத்து ஆர்டர் செய்தால் பில் 119.90 வரும். பியர் 15 வெள்ளி என்றிருந்தால் கையை விட்டுப் போவது 18, நம் காசில் 1,260 ரூபாய். மதுவுக்கு அங்கே கடுமையான வரி. ஆறு பேருக்கும் சாப்பாடு, குளிர்பானம், பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு கோப்பை என்று பட்டியல் விலையில் 150 வெள்ளிக்குள் நின்றால் பில் 180. அங்கேயே எழுந்துவிடுங்கள். மகளுக்கு 18 நிரம்பவில்லை, மதுக்கூடத்துக்கும் நடனக் கூடத்துக்கும் அவளைக் கூட்டிப்போக முடியாது. மருமகன் நண்பர்களோடு போக ஆசைப்பட்டால் அது வேறொரு நாள், அவன் காசு.

அவன் வயதுப் பிள்ளைகள், கடையில் டின் வாங்கி ஆற்றோரம் உட்கார்ந்தால் மலிவு என்பார்கள். இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிப்பது 2015 முதல் அங்கே குற்றம். அபராதம் 1,000 வெள்ளி வரை, அதாவது 70,000 ரூபாய். உங்கள் மகளின் கல்லூரிக் கட்டணத்தைவிட அதிகம்.

சூதாட்டக் கூடமும் மரினா பே பக்கம்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு உள்ளே போகவே 150 வெள்ளி கட்டணம். வெளிநாட்டவருக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் இலவசம். சொந்தக் குடிமக்கள் எளிதில் நுழைந்துவிடக் கூடாது என்று அரசாங்கமே வேலி போட்ட இடம் அது. நமக்குக் கதவு திறந்திருப்பதைச் சலுகை என்று எண்ணிவிடாதீர்கள். சும்மா பார்க்கலாம் என்று யார் கூப்பிட்டாலும் மாட்டேன் என்று சொல்லுங்கள்.

நம் ஊரில் ராத்திரி இரண்டு மணிக்கும் மாட்டுத்தாவணியில் பஸ் பிடிக்கலாம், புரோட்டா சாப்பிடலாம். அந்தப் பழக்கத்தில் அங்கே உட்கார்ந்துவிடக் கூடாது. எம்.ஆர்.டி. ரயில் நள்ளிரவையொட்டி நின்றுவிடும். 12 மணிக்குமேல் டாக்சி மீட்டரில் பாதி கூடுதல், பகலில் 25 வெள்ளி ஆகும் தூரம் 37.50. ஆறு பேருக்கு இரண்டு டாக்சி என்றால் 75. பதினொரு மணிக்கே ரயில் நிலையத்தில் இருந்தால் இது மிச்சம். ஆனாலும் கணக்கில் 75ஐச் சேர்த்தே வைக்கிறேன். மனைவிக்குக் கால் வலித்தால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

25, 60, 20, 180, 75 சேர்த்து 360. கைக்காவலுக்கு 40. ஆக 400 வெள்ளி, 28,000 ரூபாய். 41,000இல் இதுவும் துணிக்கான 5,000மும் போக 8,000 மிச்சம். அதில் மூவருக்கும் பயணக் காப்பீட்டை இங்கேயே எடுத்துவிடுங்கள், வெளிநாட்டவருக்கு அங்கே மருத்துவச் செலவு தாங்காது. மீதி மற்ற நாட்களின் சில்லறைச் செலவுக்கு. நுழைவுக்கான எஸ்.ஜி. அரைவல் கார்டை, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அரசுத் தளத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கும் இணையதளங்கள் உண்டு, மகளைப் பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.

வெள்ளியை விமான நிலையத்தில் வாங்காமல், ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள இரண்டு இடத்தில் விலை கேட்டு நோட்டாக வாங்குங்கள். பான் அட்டை வேண்டும். 50,000 ரூபாய் வரை ரொக்கமாகக் கொடுத்தே வாங்கலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அவசரத்துக்கு ஒரு கார்டு இருக்கட்டும், ஆனால் அதில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே வங்கிச் செயலியில் திறந்து வைக்க வேண்டும். பல கார்டுகளில் மூன்றரை சதவீதம் வரை கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. 20,000 ரூபாய் தேய்த்தால் 826 ரூபாய் போய்விடும். இயந்திரம் ரூபாயிலா வெள்ளியிலா என்று கேட்டால் வெள்ளியைத் தொடுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் ரூபாயைத் தொட்டு, அவர்கள் வைத்த மாற்று விலையில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான பணத்தை இழந்தேன்.

கடைசியாக மச்சான். கடையில் வைத்து பில்லைப் பிடுங்கும் போராட்டம் வேண்டாம், அவர் ஊரில் அவர்தான் ஜெயிப்பார். ஊர் சுற்றும் நாளுக்கு முந்தின இரவு சாப்பிட்டு முடித்ததும், அக்காவும் மச்சானும் பார்க்கவே 400 வெள்ளியை உறையில் போட்டு மருமகனிடம் கொடுங்கள். “மாப்ள, நாளைக்குக் கணக்கு உன் கையில. மாமன் செலவு” என்று சொல்லுங்கள். மச்சான் மறுப்பார். “எட்டு நாள் உங்க வீட்டுச் சோறு, ஒரு நாள் எங்களுது” என்று மனைவி சொல்லட்டும், தங்கச்சி வாயிலிருந்து வந்தால் மறுக்கச் சங்கடப்படுவார். மருமகன் தன் உள்ளூர் கார்டில் கட்டிவிட்டு உறையிலிருந்து எடுத்துக்கொண்டால் வெளிநாட்டுக் கட்டணமும் கிடையாது. மீந்தது அவனுக்கே இருக்கட்டும்.